வவுச்சர் இல்லாத ஆராய்ச்சி

ரொம்ப நாளாகிவிட்டது இங்கே எழுதி. மார்ச் முடிகிற வரை பேங்க்காரனுக்கு வேறு உலகம் கிடையாது. இது உங்களில் பாதிப் பேருக்கே தெரியும். மீதிப் பாதி எங்களைக் கட்டிக்கொண்டு அனுபவிக்கிறீர்கள். ஏப்ரலில் கொஞ்சம் மூச்சு விடலாம் என்று பார்த்தால் வீட்டில் வேறொரு க்ளோசிங். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. சூடு கொஞ்சம் தூக்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகள் இங்கே ஹைதராபாத்தில் ஒரு கல்லூரியில் பி.ஏ. ஆங்கில இலக்கியம், மூன்றாம் வருஷம். கடைசி செமஸ்டரில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதித் தர வேண்டும். நாலாயிரம் வார்த்தை, நூறு மார்க். ஜனவரிக் கடைசியில் கையில் இரண்டு ஜெராக்ஸ் கொடுத்தார்கள். ஒன்றில் பன்னிரண்டு தலைப்புகள். 'மால்குடியில் இந்தியத்தன்மை', 'ருஷ்டியும் வரலாறும்' என்கிற ரகம். வகுப்பில் அறுபது பேர். ஒரே தலைப்பில் ஐந்து பேர் எழுத வேண்டியதுதான், ரேஷன் கடை மாதிரி. இன்னொன்று நாலு பக்க விதிமுறை. மார்ஜின் எவ்வளவு, எழுத்து எந்த அளவு, எம்.எல்.ஏ. ஒன்பதாம் பதிப்பின்படி மேற்கோள், குறைந்தது பதினைந்து நூல்கள், சிமிலாரிட்டி பத்து சதவீதத்துக்குள். நாலு பக்கத்தையும் இரண்டு தடவை படித்தேன். வட்டி விகித சர்குலரையே வரி விடாமல் படிக்கிற ஆள் நான். 'நீ எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறாய்?' என்று கேட்கிற வரி ஒன்றுகூட அதில் இல்லை. 'அந்தப் புத்தகத்தை முழுசாகப் படித்தாயா?' என்ற கேள்வியும் இல்லை.

பி.காம். படித்தவனுக்கு இலக்கிய ஆராய்ச்சியைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். நியாயம். ஆனால் வவுச்சர் இல்லாமல் என்ட்ரி போடக்கூடாது என்பது மட்டும் நன்றாகத் தெரியும். அது போதும் என்று நினைக்கிறேன், மேலே படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

மகள் அந்தப் பன்னிரண்டையும் விட்டுவிட்டுத் தானாக ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு'. என் அலமாரியில் கிடந்தது. கூடவே கோமதி நாராயணன் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பையும் யாரிடமோ வாங்கி வந்தாள். நாங்கள் இருப்பது பத்மாராவ் நகர், ஸ்கந்தகிரி கோயிலுக்குப் பக்கத்தில். அந்த நாவல் நடப்பதோ இதே செகந்திராபாத்தில், 1947-48இல். அசோகமித்திரன் பிறந்ததே இந்த ஊரில்தான், 1931இல். அப்பா ரயில்வேயில் வேலை. அவர் காலமான பிறகு 1952இல் குடும்பம் சென்னைக்குப் போனது. நாவல் வெளிவந்தது 1977இல். அதாவது ஊரைவிட்டுப் போய்க் கால் நூற்றாண்டு கழித்து இந்த ஊரைத் தமிழில் எழுதியிருக்கிறார். நம்மைப் போன்ற ஒரு வீட்டில், வெளியே உருது, தெலுங்கு, இங்கிலீஷ், உள்ளே தமிழ் என்று வளர்ந்த பையன்தான் கதாநாயகன் சந்திரசேகரன். மகளுக்கு அது பிடித்துப்போனதில் என்ன ஆச்சரியம்?

அந்தப் பையனுக்குக் கிரிக்கெட் பைத்தியம். நிஜாம் என்ன செய்யப் போகிறார், ரஜாக்கர்கள் என்ன செய்கிறார்கள் என்று ஊரே கலங்கிக் கிடக்கும்போது அவன் பந்து, மட்டை என்று அலைகிறான். நாவல் போகப் போகக் கிரிக்கெட் மெலிந்து மெலிந்து காணாமல் போகிறது. மகள் கேட்ட கேள்வி இதுதான்: இந்த நாவலில் கிரிக்கெட் எந்த இடத்தில் நிற்கிறது, ஏன் நிற்கிறது?

எனக்கு அது கேள்வியாகவே படவில்லை. நான் ஒன்று சொன்னேன், பெருமையாக. "செகந்திராபாத் இருப்பது பதினேழரை டிகிரிகூட இல்லை. தலைப்பில் பதினெட்டு. ஏன்னு ஆராய்ச்சி பண்ணு." அவள் சிரித்தாள். "அது க்விஸ் கேள்விப்பா. ஒரு வரியில பதில் வந்துட்டா நாலாயிரம் வார்த்தைக்கு எங்க போறது?" சரிதான். ஒரு வரியில் முடிகிற கேள்வி ஆராய்ச்சிக்கு ஆகாது. 'அசோகமித்திரன் நாவல்களில் சமூகம்' என்று ஆயுசுக்கும் முடியாததும் ஆகாது. புத்தகத்தை எடுத்துவைத்து, பக்கம் பக்கமாகத் தேடி, கடைசியில் இன்னொருவர் மறுக்கக்கூடிய ஒரு பதிலைச் சொல்ல முடிய வேண்டும். மகளுடைய கேள்வி அப்படிப்பட்டது என்று புரிய எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று.

கல்லூரியில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மூன்று காரணம். ஒன்று, தமிழ்ப் புத்தகம். இரண்டு, கிரிக்கெட் ஒரு தியரி இல்லை. காலனியம், பெண்ணியம், அதிர்ச்சி என்று ஏதாவது ஒரு தியரியை எடுத்துப் புத்தகத்தின் மேல் 'அப்ளை' செய்ய வேண்டுமாம், களிம்பு மாதிரி. மூன்றாவதுதான் என்னை எழுத வைத்தது: "இதற்கு நெட்டில் மெட்டீரியல் கிடைக்காதே."

மக்களே, மெட்டீரியல் ஏற்கெனவே குவிந்து கிடந்தால் அப்புறம் எதற்கு ஆராய்ச்சி? எவனோ அளந்து வைத்த நெல்லை மறுபடி அளப்பதற்கா?

சும்மா கல்லூரியை மட்டும் திட்டிவிட்டுப் போகலாம். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு ராத்திரி மகளிடம் நான் சொன்னது இதுதான்: "எதுக்கு வம்பு? பன்னிரண்டுல ஒண்ண எடுத்து எழுதித் தள்ளிட்டு மார்க்க வாங்கு. உன் ஆராய்ச்சிய எம்.ஏ.ல வெச்சுக்கோ." வீட்டம்மணியும் ஆமோதித்தாள். அவளுடைய பள்ளிக்கூட ப்ராஜெக்ட்களை எல்லாம் செய்தவன் யார்? நான்தான். தெர்மோகோலை வெட்டி, சூரிய மண்டலத்தை ஒட்டி, பெயிண்ட் அடித்து... ஏழாம் வகுப்பில் நீர் மேலாண்மை பற்றி மூன்று பக்கம் எழுதிக் கொடுத்து 'வெரி குட்' வாங்கியது பி.காம். பட்டதாரியான அடியேன். ஊர்விட்டு ஊர் வந்தவர்களுக்கு ஒரு பயம். இங்கே நமக்குச் சித்தப்பன் பெரியப்பன் கிடையாது, மார்க் ஒன்றுதான் சிபாரிசு என்கிற பயம். அந்தப் பயத்தில் பிள்ளைகளுக்கு நாமே கற்றுக்கொடுப்பது, கொடுத்த பாரத்தை அடித்தல் திருத்தல் இல்லாமல் நிரப்புவது.

மகள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டாள். "அந்தக் கோழிப்பண்ணை நோட்டச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பீங்களே. அதையேதானப்பா என்னையும் எழுதச் சொல்றீங்க?"

கோழிப்பண்ணை நோட்டு எங்கள் வீட்டில் பிரசித்தம். பல வருஷம் முன்னால், வேறொரு ஊரில், ஓர் அரிசி ஆலைக்கான லோன் நோட்டு என் மேஜைக்கு வந்தது. மாதிரி நோட்டு. பக்கம் சரி, பத்தி சரி, விகிதங்கள் எல்லாம் தசம ஸ்தானம் வரை. நடுவில், 'பறவைகளின் இறப்பு விகிதம் கட்டுக்குள் உள்ளது' என்று ஒரு வரி! போன மாசம் யாருக்கோ எழுதியதை அப்படியே இழுத்துப் போட்டுப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். நோட்டு எழுதியவர் அந்த ஆலைக்குப் போகவே இல்லை. எனக்கு முன்னால் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அவர்களும் படிக்கவில்லை.

அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. மகள் சொன்னது அப்படியே பொருந்தியது. புத்தகத்துக்குள் போகாமல் புத்தகத்தைப் பற்றி எழுதுவதும் ஆலைக்குள் போகாமல் ஆலையைப் பற்றி எழுதுவதும் ஒன்றுதானே?

மறுநாள் உட்கார்ந்து ஒரு பக்கத்துக்குத் திட்டம் எழுதச் சொன்னேன். எழுதியது அவள்தான், நான் எதிரே உட்கார்ந்து லோன் கேட்டு வந்த பார்ட்டியைக் கேட்கிற மாதிரிக் கேள்வி கேட்டேன். உன் கேள்வி என்ன, ஒரே வாக்கியத்தில் சொல். எந்தப் புத்தகம், எந்தப் பதிப்பு. உன் பதில் என்னவாக இருக்கும் என்று இப்போது நினைக்கிறாய். அது தப்பாக இருந்தால் எதை வைத்துத் தெரிந்துகொள்வாய். இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் திணறினாள். எந்த லோனும் அங்கேதான் திணறும். அந்த ஒரு பக்கத்தோடு துறைத்தலைவரிடம் போனாள். ஆங்கில மொழிபெயர்ப்பை முதன்மை நூலாக வைத்துக்கொள், தமிழ் மூலத்தை ஒப்பிட்டுக் காட்டலாம் என்று ஒத்துக்கொண்டார். பாதிக் கிணறு. பரவாயில்லை.

அதற்கப்புறம் நடந்த வேலையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு உதவும்.

முதல் தடவை கதைக்காகப் படித்தாள். இரண்டாம் தடவை பென்சிலோடு. கிரிக்கெட் வருகிற ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு நீள நோட்டில் ஒரு வரி: ஆங்கிலப் பக்கம், தமிழ்ப் பக்கம், யார் யார் இருக்கிறார்கள், அடுத்து என்ன நடக்கிறது. எங்கள் கேஷ் புக் மாதிரியே இருந்தது. பார்க்கவே சந்தோஷம். மூன்றாம் தடவை, கிரிக்கெட் வர வேண்டிய இடத்தில் வராமல் போகிற பக்கங்களை மட்டும் படித்தாள். இதெல்லாம் முடிகிற வரை மற்றவர்கள் இந்த நாவலைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று பார்க்கவே இல்லை. வரிசை முக்கியம். முதலிலேயே விமர்சனத்தைப் படித்துவிட்டால் அவர்கள் கண்ணால்தான் புத்தகம் தெரியும்.

இரண்டாவது, நாலாவது சனிக்கிழமை எனக்கு லீவு. அஃப்சல்கஞ்ச் ஸ்டேட் சென்ட்ரல் லைப்ரரிக்குக் கூட்டிப் போனேன். 1891இல் அசஃபியா என்ற பெயரில் ஆரம்பித்த நூலகம். அங்கேயும் வேறு இடங்களிலும் அலைந்து காலவரிசையைச் சரிபார்த்தாள். 1947 நவம்பர் 29இல் இந்தியாவோடு நிஜாமின் தற்காலிக ஒப்பந்தம். 1948 செப்டம்பர் 13இல் இந்திய ராணுவம் உள்ளே வந்தது, 17இல் நிஜாம் தரப்பு சரண். அதற்குப் பின் நடந்த கொலைகளை விசாரித்த சுந்தர்லால் குழு, இருபத்தேழாயிரத்திலிருந்து நாற்பதாயிரம் பேர்வரை இறந்திருக்கலாம் என்று கணித்தது; அந்த அறிக்கை பல பத்தாண்டுகள் வெளியே வரவில்லை. பள்ளிக்கூடத்தில் 'போலீஸ் ஆக்‌ஷன்' என்று ஒரு வரியில் தாண்டிப்போன விஷயம். அவள் நாவலை ஒரு கையிலும் இதை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு படித்தாள்.

முதலில் அவள் எழுதி வைத்திருந்த பதில் சுலபமானது. கிரிக்கெட் என்றால் மத ஒற்றுமை, கலவரம் வந்தது, கிரிக்கெட் போயிற்று. அழகாக இருக்கிறதல்லவா? பேச்சுப்போட்டிக்குப் போதும். ஆனால் அவளுடைய நோட்டே அவளுக்கு எதிராகச் சாட்சி சொன்னது. மைதானத்துக்குள்ளேயே வசதி உள்ளவன், இல்லாதவன் என்ற கோடு இருக்கிறது. கிரிக்கெட் ஒன்றும் சொர்க்கம் இல்லை.

அந்த இடத்தில்தான் பி.காம். தலையிட்டது :-) "அப்ப ஊர்ல நிஜமாவே கிரிக்கெட் நின்னுதா?" என்று கேட்டேன். நிற்கவில்லை. ஹைதராபாத் சுழற்பந்து வீச்சாளர் குலாம் அகமது இந்தியாவுக்காகத் தன் முதல் டெஸ்டை ஆட இறங்கியது 1948 டிசம்பர் 31இல், கல்கத்தாவில், வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக. ராணுவம் நுழைந்து நாலு மாசம்கூட ஆகவில்லை. மகள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். ஊரில் நிற்காத ஆட்டம் நாவலில் நிற்கிறது என்றால், அதை நிறுத்தியது வரலாறு இல்லை, அசோகமித்திரன். ஏன் நிறுத்தினார்? எந்தப் பக்கத்தில்? அந்த இடத்தில் அதற்குப் பதிலாக எதை வைத்தார்? மூன்று வாரமாகச் சேர்த்த நோட்டு முழுவதும் திடீரென்று வேறு மாதிரிப் பேசியது. எழுதி வைத்திருந்த எட்டுப் பக்கத்தைக் கிழித்தாள். எனக்குத்தான் வயிறு எரிந்தது, அவளுக்கு இல்லை.

இதைப் பன்னிரண்டு தலைப்பில் எது தந்திருக்கும்?

இனிமேல் எல்லாமே மெஷின் எழுதிவிடுமே, இதற்கு ஏன் இவ்வளவு பாடு என்று ஆபீசில் ஒரு தம்பி கேட்டான். அதையும் பார்த்துவிடுவோம் என்று மகளுடைய தலைப்பைக் கொடுத்துக் கட்டுரை கேட்டோம். ஒரு நிமிஷத்தில் வந்தது. வழுவழுவென்று நல்ல இங்கிலீஷ். கீழே பக்க எண்ணோடு நூல் பட்டியல். மகள் ஒவ்வொன்றாகத் தேடினாள். அதில் இரண்டு புத்தகங்கள் உலகத்திலேயே இல்லை. வவுச்சர் இல்லாததை ஆடிட்டர் பிடித்துவிடுவார். கள்ள வவுச்சரை? யு.ஜி.சி. 2018இல் கொண்டுவந்த விதிப்படி பத்து சதவீதம்வரை ஒத்துப்போனால் தண்டனை இல்லை, அதற்கு மேல் நாற்பது, அறுபது என்று படிப்படியாக நடவடிக்கை. சாஃப்ட்வேர் சொல்வதெல்லாம், வேறெங்கோ இருக்கிற வாக்கியம் இதில் இருக்கிறதா என்று மட்டும்தான். இல்லாத புத்தகத்தை அது எதோடு ஒப்பிடும்? பத்து சதவீதத்துக்குள் வருகிற பொய்யைக் கொண்டுபோய்க் கொடுத்தால் விதிமுறை நாலு பக்கமும் திருப்தியடைந்துவிடும். அமீர்பேட்டையில் காசு கொடுத்தால் ப்ராஜெக்ட் பைண்ட் பண்ணித் தருகிற கடைகள் மெஷின் வருவதற்கு முன்பே உண்டு. அதையும் இதே நாலு பக்கம் அனுமதித்துக்கொண்டுதான் இருந்தது.

மகளுடைய ஆசிரியையை நான் வில்லியாக்க விரும்பவில்லை. அந்தம்மாவுக்கு அறுபது கட்டுரை, அதுபோக வாரம் முழுக்க வகுப்பு. அறுபது பேருக்கு அறுபது கேள்வி என்றால் அறுபது புத்தகம் படிக்க வேண்டும், யாரால் முடியும்? அதனால்தான் பன்னிரண்டு தலைப்பு. கோபம் மேலே இருப்பவர்கள்மேல். 2022 டிசம்பரில் யு.ஜி.சி. வெளியிட்ட திட்டத்தில், முதல் ஆறு செமஸ்டரில் எழுபத்தைந்து சதவீதம் வாங்கியவர்கள் நாலாவது வருஷம் ஆராய்ச்சி செய்து 'ஹானர்ஸ் வித் ரிசர்ச்' பட்டம் வாங்கலாம் என்கிறார்கள். காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. வழிகாட்டுவதற்கு ஆள்? டார்கெட் மட்டும் கொடுத்து ஸ்டாஃப் கொடுக்காத வித்தை எங்களுக்குப் புதிதா என்ன!

பாதிக் கோபம் நம் மேலும்தான். பொங்கல் விழாவுக்குப் பட்டிமன்றம் வைக்கிறோம். 'வெளிமாநிலத்தில் தமிழை வளர்ப்பது தாய்மார்களா தந்தைமார்களா' என்று தொண்டை கட்டப் பேசுகிறோம். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் அ, ஆ சொல்லிக்கொடுக்கிறோம். அதே பிள்ளை ஒரு தமிழ் நாவலைத் தூக்கிக்கொண்டு கல்லூரி வாசலுக்குப் போனால், 'ஐயோ வேண்டாம், மார்க் போயிடும்' என்று கையைப் பிடித்து இழுப்பவர்கள் யார்? நாம்தானே? நான் இழுத்தேன். பதிவை எழுதுவதே அதற்காகத்தான்.

மகளுக்குத் தமிழ் பேச வரும். படிக்க, எழுத்துக் கூட்டித்தான். அதனால் ஏப்ரல் பூராவும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நான் தமிழில் வாசிப்பேன், அவள் மொழிபெயர்ப்பில் விரலை வைத்துக்கொண்டு கூடவே வருவாள். இங்கே ஒரு வார்த்தை விட்டுப்போச்சு, இந்த உருது வார்த்தையை இங்கிலீஷில் என்ன பண்ணியிருக்காங்க பாருங்க என்று நிறுத்தி நிறுத்திக் குறித்துக்கொள்வாள். இந்த வீட்டில் இருபது வருஷத்தில் அவ்வளவு தமிழ் சத்தமாக வாசிக்கப்பட்டதில்லை. வீட்டம்மணி டிவியை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டாள்.

கடைசி அத்தியாயம் வந்தது. நாவலைப் படித்தவர்களுக்குத் தெரியும். ஊர் தீப்பற்றின நேரத்தில் சந்திரசேகரன் ஒரு வீட்டுக்குள் போய்விடுகிறான். பயந்து நடுங்கும் ஒரு முஸ்லிம் குடும்பம். குடும்பத்தை விட்டுவிடச் சொல்லி அங்கே இருக்கும் சின்னப் பெண் தன்னையே அவனுக்குக் கொடுக்க முன்வருகிறாள். அவன் அவமானத்தில் ஓடிவருகிறான். கல்லூரி நாளில் மன்னார்குடியில் முதல்முறை படித்தபோதே எனக்குக் காய்ச்சல் வந்த மாதிரி இருந்த பக்கம் அது. இப்போது எதிரில் மகள். வாசித்துக்கொண்டே வந்தவன் அந்த இடத்துக்கு முன்னால் நின்றுவிட்டேன். தண்ணீர் குடித்தேன். கண்ணாடியைத் துடைத்தேன். "நாளைக்குப் பாத்துக்கலாம்மா" என்றேன்.

அவள் புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். எழுத்துக் கூட்டி, 'ற'வுக்கும் 'ர'வுக்கும் தடுக்கி, அந்தப் பக்கத்தையும் அடுத்ததையும் அவளே வாசித்தாள். முடிக்க இருபது நிமிஷம் ஆயிற்று. யாரும் குறுக்கே பேசவில்லை.

கட்டுரையைப் போன திங்கட்கிழமை கொடுத்துவிட்டாள். நாலாயிரத்து நூற்றுப் பத்து வார்த்தை, பதினைந்துக்குப் பதில் பதினோரு நூல்தான், பதினொன்றும் கையால் தொட்டவை. நாலு குறைவதற்கு மார்க் பிடிப்பார்கள் என்கிறாள். பிடிக்கட்டும். 1948இல் செகந்திராபாத் பரேட் கிரவுண்டில் ஆடியவர்கள், ஆட்டம் பார்த்தவர்கள் யாராவது உங்கள் வீட்டுப் பெரியவர்களில் இருந்தால் எழுதுங்கள். மகள் இன்னும் அந்த நோட்டை மூடவில்லை.